அக்காவோட ரெண்டு ஏக்கர்

மக்காச்சோளம் அறுப்பு, கதிரடிப்பு, அப்புறம் ரிஜிஸ்தர் ஆபீசு, தாலுகா ஆபீசுன்னு அலைச்சல். ஒன்றரை மாசமா இந்தப் பக்கம் வர முடியல. அலைச்சல் எதுக்குன்னா, எங்க நாலு ஏக்கரை நானும் எங்க அக்காவும் ஆளுக்குப் பாதியா பாகம் பிரிச்சுக்கிட்டோம். ஊர்ல இது பெரிய பேச்சாயிருச்சு. "பொம்பளைக்குப் பாதியா? உனக்கு என்னய்யா கேடு?"ன்னு டீக்கடையில நேராவே கேட்டாங்க. அங்க ஒரு வார்த்தையில சொல்லிட்டு வந்துட்டேன். இங்க கொஞ்சம் நீளமா எழுதறேன். எனக்குப் பெருமையான விஷயம் இதுல அதிகம் இல்லைங்கிறதை முதல்லயே சொல்லிடறேன்.

நம்ம ஊரு கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். கழனியில நின்னு மேற்க பாத்தா கல்வராயன் மலை. அக்கா என்னை விட மூணு வயசு மூத்தது. 1985ல சங்கராபுரம் பக்கம் கட்டிக் கொடுத்தோம். ஆறு வருஷம் வாழ்ந்துச்சு. குடி, அடி, சந்தேகம். 1991 ஐப்பசியில மூணு வயசுப் பொண்ணைத் தூக்கிக்கிட்டு, மழையில நனைஞ்சு வந்து திண்ணையில உக்காந்துச்சு. "இனிமே நான் போவல"ன்னு அது சொன்னது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு.

பஞ்சாயத்து மாரியம்மன் கோயில் வாசல்ல நடந்துச்சு. ரெண்டு ஊர் பெரியவங்களும் வந்தாங்க. அப்பா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு. எனக்கு 22 வயசு, பத்தாவது படிச்சவன்னு என்னை எழுத உக்கார வச்சாங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிச்சது விடியற வரைக்கும் போச்சு. கடைசியில, கொடுத்த கட்டில், பித்தளை அண்டா திரும்ப வரணும். நகையில அடகு வச்சது போக மிச்சம் வரணும். ரொக்கம் 6,000 ரூபாய். பொண்ணு தாய்கிட்ட இருக்கட்டும். இனி இவனுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லைன்னு தீத்து விட்டாங்க. முத்திரைப் பத்திரத்துல நான்தான் எழுதினேன். ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க கையெழுத்து. அக்கா கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்களோட உக்காந்திருந்துச்சு. அதைக் கூப்பிட்டு "உனக்கு என்னம்மா வேணும்"னு யாரும் கேக்கல. எழுதின நானும் கேக்கல.

அந்தப் பத்திரத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். சாதி வழக்கப்படி தீத்து விடறதை இந்து திருமணச் சட்டம் ஒத்துக்குது. ஆனா அப்படி ஒரு வழக்கம் ரொம்ப காலமா நம்ம சனத்துல இருக்குதுன்னு கோர்ட்டுல நிரூபிக்கணும். இல்லாட்டி அது வெறும் காகிதம். அந்தாளு அப்புறம் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான். அக்கா பண்ணிக்கல.

கோர்ட்டுக்குப் போயிருந்தா மட்டும் என்ன கிடைச்சிருக்கும்? அப்ப ஜீவனாம்சத்துக்கு 125ஆவது பிரிவு. அதுல மாசம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. புருஷன் எவ்வளவு சம்பாதிச்சாலும், நீதிபதியே மனசு வச்சாலும் அந்தப் பிரிவுல அதுக்கு மேல போட முடியாது. 1973ல வச்ச அளவு. 2001லதான் அந்த வரம்பை எடுத்தாங்க. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிராளிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள்ள முடிஞ்ச வரைக்கும் முடிக்கணும்னு அப்பத்தான் சேத்தாங்க. அக்காவுக்கு இதெல்லாம் பத்து வருஷம் லேட்டு.

நிலத்துக்கு வர்றேன். 1989 மார்ச் 25லிருந்து நம்ம தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பையனுக்குச் சமமா பிறப்பிலயே உரிமைன்னு சட்டம் வந்துச்சு. கலைஞர் ஆட்சியில. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுலயே பெரியார் ஆளுங்க தீர்மானம் போட்டது. அறுபது வருஷம் கழிச்சு சட்டமாச்சு. ஆனா அதுல ஒரு கொக்கி. அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு இந்த உரிமை கிடையாது. அக்கா கல்யாணம் 85. நாலு வருஷ வித்தியாசத்துல போச்சு. கல்யாணம் பண்ணித் தள்ளிவிட்டா போதும், பங்கு கேக்க மாட்டான்னு அப்ப நம்ம பக்கம் எத்தனை பேரு நிம்மதியா இருந்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுல சட்டமே தெரியாது, அதனால நிம்மதி கூடத் தேவைப்படல.

அப்பா 2002ல தவறிட்டாரு. பாகம் கீகம் எதுவும் பண்ணி வைக்கல. அடுத்த வருஷம் சொசைட்டியில பயிர்க்கடன் வாங்கணும், பட்டா என் பேர்ல இருந்தா சுலபம்னு சொன்னாங்க. ஒரு வெள்ளைத்தாள்ல "ஆட்சேபணை இல்லை"ன்னு எழுதி அக்காகிட்ட நீட்டினேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிட்டு இருந்துச்சு. கையைப் பாவாடையில துடைச்சிட்டு, படிக்காம, கையெழுத்து போட்டுச்சு. "கடனுக்குத்தானடா?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்னு சொன்னேன். பொய்யில்ல. ஆனா முழுசும் நிஜமும் இல்ல.

2005 செப்டம்பர் 9ல மத்திய சட்டத்தையே திருத்தினாங்க. கல்யாணம் எப்ப ஆனாலும் பொண்ணும் சம பங்காளி. டிவியில பாத்தேன். அப்பவும் வாயைத் திறக்கல. எனக்கு நானே ஒரு கணக்கு வச்சிருந்தேன். அக்கா பொண்ணுக்குக் காது குத்தினேன், சடங்கு சீர் செஞ்சேன், கல்யாணத்துக்கு நாலு பவுன் போட்டேன், தாய்மாமன் முறை எதுலயும் குறை வைக்கல, பழைய வீட்டுல அக்கா இருக்குது, அரிசி நம்ம வீட்டுதுதான் — இதை விடப் பெரிய பங்கா? அக்கா இருபது, முப்பது வருஷமா நம்ம கழனியில நாத்து நட்டு, களை எடுத்து, கரும்புக்குச் சோகை உரிச்சு, ஒரு நாள் கூலி வாங்கல. அது அந்தக் கணக்குல ஏறவே இல்ல.

2009ல அம்மாவும் போயிட்டாங்க. 2016ல நம்ம ஊர்ல வேற ஒரு வீட்டுல அண்ணன் தங்கச்சி கேசு நடந்துச்சு. எனக்குக் கொஞ்சம் பயம் வந்து, தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைக் கேட்டேன். "உங்கப்பா 2005க்கு முன்னாடியே இறந்துட்டாரா? அப்ப கவலைப்படாதீங்க. போன வருஷம்தான் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. 2005 செப்டம்பர் 9ல அப்பா உயிரோட இருந்தாத்தான் பொண்ணுக்குச் சம பங்கு. உங்க அக்காவுக்கு உங்க அப்பா பங்குலயும் அம்மா பங்குலயும் உள்ளதுதான், மொத்தம் ஒரு ஏக்கர் அளவுக்கு வரும்"னாரு. நான் "கவலைப்படாதீங்க"ங்கிறது வரைக்கும் கேட்டுக்கிட்டேன். வர்ற வழியில வீட்டுக்குப் பத்து போண்டா வாங்கிட்டு வந்தேன். அக்காவும் ரெண்டு சாப்பிட்டுச்சு.

அப்புறம் கொரோனா. 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டுல மூணு நீதிபதிங்க உக்காந்து பழைய தீர்ப்பை மாத்தினாங்க. அப்பா 2005ல உயிரோட இருந்திருக்கணும்னு அவசியமே இல்ல, உரிமை பிறப்புல வர்றது, அப்பா செத்த தேதியைப் பாத்து வர்றதில்லைன்னாங்க. வினீதா சர்மா கேசுன்னு பேரு. ராத்திரி செய்தியில ஓடுச்சு. அக்கா அந்த நேரம் பாத்து உள்ள வந்துச்சு. நான் சீரியலுக்கு மாத்திட்டேன். எங்க வீட்டுல நான் சீரியல் பாத்து யாரும் பாத்ததில்ல.

இப்ப எம்பொண்ணு கதை. 2017ல கல்யாணம், 2021ல கையில குழந்தையோட திரும்பி வந்துச்சு. அதே திண்ணை. பழைய ஆளுங்க சில பேரு வந்து "பேசி முடிச்சிடலாம்பா, கோர்ட்டு எதுக்கு"ன்னாங்க. அக்காதான் குறுக்க வந்து, "வேணாம். ஒரு தடவை பேசி முடிச்சது போதும்"னு சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல அது அப்படிச் சத்தமா பேசி நான் கேட்டதில்ல.

கோர்ட்டுல இலவச சட்ட உதவி இருக்குதுன்னு கேள்விப்பட்டு வட்ட சட்டப் பணிகள் குழுவுல மனு கொடுத்தோம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், பொம்பளைங்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி ஆளுங்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம வக்கீல் வச்சுக் கொடுப்பாங்க. 15100க்கு போன் போட்டாலும் சொல்லுவாங்க. எங்களுக்கு ஒரு வக்கீலம்மா கிடைச்சாங்க. நல்ல மனுஷி, அதட்டிப் பேசுவாங்க.

கோர்ட்டைப் பத்தி உசத்தியா எழுதறேன்னு நினைக்காதீங்க. வாய்தா மேல வாய்தா. குழந்தையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போனா, "இன்னைக்கு இல்ல, அடுத்த மாசம் 14"ம்பாங்க. ஒரு நாள் வேலையும் போயி, பஸ் காசும் போயி, வெறுங்கையோட திரும்புவோம். ஆனா ஒண்ணு நடந்துச்சு. முதல்ல ரெண்டு பேரையும் சமரசம் பேச ஒரு ரூமுக்குக் கூப்பிட்டாங்க. நானும் எழுந்து கூடப் போனேன். அங்க இருந்த அம்மா, "அப்பா நீங்க வெளிய இருங்க, நான் உங்க பொண்ணுகிட்ட கேக்கணும்"னாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. பெத்தவன் நான், என்னை வெளிய நிக்கச் சொல்றதான்னு. முக்கால் மணி நேரம் வேப்பமரத்தடியில நின்னேன். உள்ள என்ன பேசினாங்கன்னு எம்பொண்ணு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. அங்க நின்னப்பதான் மாரியம்மன் கோயில் மதில் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு அக்கா நின்ன பக்கம் இன்னைக்கு நான் நிக்கறேன்.

ஜீவனாம்ச மனு போட்டப்ப, மாப்பிள்ளை வீட்டுல "அவனுக்கு வேலையே இல்ல"ன்னாங்க. நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றதுதான். ஆனா 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புல, இனிமே ரெண்டு பேருமே வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா எழுதித் தரணும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்குன்னு சொல்லிட்டாங்க. சம்பள ரசீது, பேங்க் புத்தகம் எல்லாம் வைக்கணும். பொய் சொன்னா மாட்டிக்குவாங்க. மாப்பிள்ளை வேலை பாக்கற கம்பெனி, வண்டிக்கடன் எல்லாம் அதுலதான் வெளிய வந்துச்சு. மாசம் 6,000 இடைக்காலமா போட்டாங்க. 91ல எங்க அக்காவுக்கு மொத்தமா தீத்துவிட்ட தொகை. இது ரூபாய் மதிப்புல ஒண்ணும் பெருசில்லதான், ஆனாலும் மாசா மாசம் வருது.

அந்தப் பத்திரத்தை எம்பொண்ணும் எழுதணும் இல்லையா? வக்கீலம்மா ஒவ்வொரு கட்டமா கேட்டு எழுதிட்டு வந்தாங்க. நகை, பேங்க், வேலை. அடுத்து, "பூர்வீகச் சொத்துல பங்கு இருக்கா?" நான் முந்திக்கிட்டு, "இருக்கும்மா, நாலு ஏக்கர், என் பொண்ணுக்கும் பையனுக்கும்தான்"னு சொன்னேன். எம்பொண்ணுக்குப் பங்கு உண்டுன்னு சொல்றதுல ஒரு மிதப்பு. அந்தம்மா பேனாவை வச்சிட்டு, "நாலு ஏக்கரும் உங்களுதா? கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?"ன்னாங்க.

அக்கா பின்னாடி பெஞ்சில குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்துட்டு உக்காந்திருந்துச்சு.

"அக்கா ஒண்ணு இருக்குது"ன்னேன். "பாகம் ஆச்சா?" "இல்ல." "விடுதலைப் பத்திரம் பதிவு பண்ணியிருக்கா?" "இல்ல, ஒரு தாள்ல கையெழுத்து…" அந்தம்மா என்னை நிமிந்து பாத்தாங்க. ஒண்ணும் திட்டல. "அப்ப உங்க பொண்ணுக்கு எவ்வளவுன்னு இப்ப எப்படி எழுதறது?"ன்னு மட்டும் கேட்டாங்க. எம்பொண்ணு என் முகத்தைப் பாக்கல, அத்தையைத் திரும்பிப் பாத்துச்சு.

கணக்கை அந்தம்மாதான் ஒரு துண்டுச்சீட்டுல போட்டுக் காட்டினாங்க. உங்களுக்கும் உதவும்னு எழுதறேன். நாலு ஏக்கர்னா 400 சென்ட். பழைய கணக்குல அப்பாவும் நானும் பாதிப் பாதி, 200. அப்பாவோட 200ல அம்மா, அக்கா, நான் மூணா பிரிச்சா ஆளுக்கு 66 சொச்சம். அம்மா போனதும் அவங்க 66ல பாதி அக்காவுக்கு 33. ஆக 100 சென்ட். புதுக் கணக்குல அப்பா, அக்கா, நான்னு முதல்லயே மூணு பங்கு, ஆளுக்கு 133. அப்பாவோட 133ல மூணுல ஒண்ணு 44. அம்மாவோட 44ல பாதி 22. கூட்டிப் பாருங்க, 200 சென்ட் வரும். எனக்கும் அதே 200. சட்டம் மாறின ஒரு ஏக்கர் வித்தியாசத்தை அன்னைக்குத்தான் எண்ணால பாத்தேன். அந்தப் பழைய ஒரு ஏக்கரையும் நான் கொடுத்தவனில்ல.

இதுக்கு நடுவுல மாசியில மலையிலிருந்து நம்ம பழைய சிநேகிதர் புளி கொண்டாந்தாரு. வெள்ளிமலையைத் தாண்டி அவர் ஊரு. அவர்கிட்ட இதையெல்லாம் சொல்லிட்டிருந்தேன். சிரிச்சாரு. "அண்ணே, எங்களுக்கு அந்தச் சட்டமே இல்லையாம்ல"ன்னாரு. எனக்கு நம்பிக்கையில்ல, வக்கீலம்மாகிட்ட கேட்டேன், நிஜந்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம், திருமணச் சட்டம் ரெண்டுலயும், மத்திய அரசு தனியா அறிவிச்சாலொழிய பழங்குடிகளுக்குப் பொருந்தாதுன்னு ஒரு உட்பிரிவு இருக்குது. மலையாளிங்க பழங்குடி பட்டியல்ல வர்றாங்க. வழக்கம்தான் அங்க சட்டம்.

அவங்க வழக்கத்துல எல்லாம் கெட்டதுன்னு சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பையன் வீட்டுலதான் பரிசப் பணம் கொடுக்கணும், நம்மள மாதிரி பொண்ணைப் பெத்தவன் கடனாளி ஆகறதில்ல. பிடிக்கலைன்னா ஊர்க்கவுண்டர் முன்னாடி பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு பொண்ணு வேற வாழ்க்கை அமைச்சுக்கலாம், யாரும் மூஞ்சியைத் திருப்ப மாட்டாங்கன்னாரு. எங்க அக்காவுக்கு அது கிடைக்கல. ஆனா நிலம்னு வந்தா ஆம்பளைப் புள்ளைக்குத்தான். அவர் பொண்ணும் வீட்டோட வந்துதான் இருக்குது, கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிட்டு வருது.

இதுலயும் கோர்ட்டு முன்ன பின்ன போயிட்டிருக்கு. 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, பழங்குடிப் பொண்ணுங்களுக்கும் சம உரிமை தர சட்டத்தைத் திருத்த யோசிங்கன்னு மத்திய அரசுக்குச் சொல்லுச்சு. அடுத்த வருஷம் நம்ம ஐகோர்ட்டு பழங்குடிப் பொண்ணுக்கும் சம பங்கு உண்டுன்னு தீர்ப்புச் சொல்லுச்சு. 2025 ஜூலையில சத்தீஸ்கர் கோண்டு குடும்பம் ஒண்ணோட கேசுல, பொண்ணுக்குப் பங்கு கிடையாதுன்னு வழக்கம் இருக்குதுன்னு எதிராளி நிரூபிக்கலைன்னா பங்கு கொடுத்துத்தான் ஆகணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. அக்டோபர்ல வேற ஒரு கேசுல, இந்து வாரிசுரிமைச் சட்டத்தை அப்படியே பழங்குடிகளுக்குப் போட முடியாதுன்னும் சொல்லுச்சு. மலையில இருக்கற பொண்ணு இதுல எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது? 1976 வரைக்கும் ஜாகீர்தாருங்க கையில இருந்த மலைங்க அது. எதுவும் அங்க லேட்டாத்தான் ஏறும்.

சிநேகிதர் புளியை எடை போட்டு முடிச்சிட்டு, "உங்களுக்குச் சட்டம் இருந்தும் முப்பது வருஷம் ஆச்சுல்ல அண்ணே, எங்களுக்கும் ஆவட்டும்"னாரு. கிண்டலா, ஆறுதலான்னு இன்னும் புரியல.

அன்னைக்கு ராத்திரி அக்கா வீட்டுக்குப் போனேன். "ரெண்டு ஏக்கர் உனுக்கு வருது, எழுதிடலாம்"னேன். அழும், "எனக்கெதுக்குடா, நீயே வச்சுக்கோ"ன்னு சொல்லும்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு இருந்துச்சு. சொல்லியிருந்தா சந்தோஷமா ஒத்துக்கிட்டிருப்பேன், மறைக்கல. அக்கா அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காந்து, "எந்த ரெண்டு ஏக்கர்?"னு கேட்டுச்சு.

"மேட்டுக்கொல்லை"ன்னேன்.

"தண்ணியில்லாத கொல்லையில நான் என்னத்த நடறது? கிணத்துல பாதி எழுது. மோட்டார்ல முறை எழுது. கிணத்து மேட்டுல ஒரு ஏக்கர், கொல்லையில ஒரு ஏக்கர். அதே மாதிரி உனுக்கும்"னுச்சு. இத்தனை வருஷமா அதுவும் கணக்குப் போட்டு வச்சிருந்திருக்குது. டிவியில நான் சேனல் மாத்தினது கூட அதுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். கேக்க தைரியம் வரல.

வீட்டுக்காரம்மா ஒரு மாசம் என்கிட்ட சரியா பேசல. பையன், "என் பங்கு குறையுதுல்ல"ன்னான். கல்யாணமானவன், கேக்கத்தான் செய்வான். எம்பொண்ணுதான் அத்தையைக் கூட்டிக்கிட்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயி போட்டோ, ரேகை எல்லாம் வச்சுச்சு. அது கேசு சமரசத்துல முடிஞ்சு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு மனு போட்டு, ஆறு மாசக் காத்திருப்பையும் தள்ளுபடி பண்ணி போன வருஷமே தீர்ந்துருச்சு. குழந்தைக்கு மாசப் பணம் தனி. பாகப்பிரிவினைப் பத்திரத்துல அக்கா பேரு முதல் பார்ட்டி, நான் ரெண்டாவது. மூத்ததுதானே. சர்வேயர் வந்து உட்பிரிவுக்குக் கல்லு நட்டுட்டுப் போயிட்டாரு, பட்டா இன்னும் வரணும்.

அக்கா அதோட பங்குல மரவள்ளி போட்டிருக்குது. விலை சரியில்ல, மக்காச்சோளமே போடுக்கான்னு சொன்னேன். கேக்கல. திங்கள், புதன், வெள்ளி மோட்டார் அதோட முறை. இன்னைக்கு புதன். விடியக்காலம் மூணு மணிக்கு மும்முனைக் கரண்டு வந்ததும் கதவைத் தட்டி, "தம்பி, ஸ்டார்ட்டர் இழுக்க வரல, வந்து போட்டு விடு"ன்னுச்சு. போட்டு விட்டுட்டு வந்துதான் இதை எழுதறேன்.